பெல்ட்டை முழுசா இழுங்க

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. சேலையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். வெள்ளை நிறத்தில் ஒரு காம்பாக்ட் எஸ்.யூ.வி., இரவே கழுவித் துடைத்தது போலப் பளபளவென்று நிற்கிறது. விற்கிறவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாங்க வந்திருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியை, கூடவே மகன். நடுவில் நிற்கும் மனிதரை டீச்சர் “தம்பி” என்கிறார், மகன் “அண்ணே” என்கிறான், வங்கிக்காரர் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் “மெக்கானிக்” என்கிறார். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்காக வண்டியைப் பார்த்துச் சொல்வதுதான் அவர் தொழில். வண்டி விற்பதில்லை, கமிஷன் வாங்குவதில்லை. பார்த்ததற்குக் கூலி, அவ்வளவுதான்.

வங்கிக்காரர் பானட்டைத் திறக்கப் போனார். “அது இருக்கட்டும் சார்” என்று தடுத்துவிட்டு, மூடிய பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார் அவர். சில்லென்றிருந்தது. முந்தின நாள் போனிலேயே சொல்லியிருந்தார், நான் வருகிறவரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாமென்று. ஆறிக் கிடந்த எஞ்சின் முதல் அரை நிமிடத்தில் போடும் சத்தமும் விடும் புகையும் பிறகு வருவதில்லை. அடுத்து முன்கதவைத் திறந்து ஓட்டுநர் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார், பட்டை முழுவதும் வெளியே வந்து தொங்கும்வரை.

“எஞ்சின் பாக்க மாட்டீங்களா?”

“பாப்போம் சார். மொதல்ல வயசு தெரியட்டும்.”

வண்டியின் வயது என்பது விளம்பரத்தில் போட்டிருக்கும் “2016 மாடல்” இல்லை. அது பெரும்பாலும் பதிவு செய்த ஆண்டு. ஆலையில் செய்த மாதமும் ஆண்டும் ஆர்.சி.யில் தனியாக இருக்கும். வருஷக் கடைசியில் தள்ளுபடியில் எடுத்த வண்டியை ஜனவரியில் பதிவு செய்து ‘புது வருஷ வண்டி’ ஆக்குவது ஊரறிந்த பழக்கம். மூன்றாவதாக ஒரு வயது இருக்கிறது. கண்ணாடியிலும் டயரிலும் பெல்ட் பட்டையின் அடியில் தைத்திருக்கும் துண்டுச் சீட்டிலும் அந்தந்தச் சாமானின் பிறந்த தேதி இருக்கும். டயரில் 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம். இந்தத் தேதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில்தான் அவருடைய கேள்விகள் தொடங்கும்.

அவர் தொழில் கற்ற நாளில் இதெல்லாம் தேவைப்படவில்லை. புதுப்பேட்டையில் ஒரு பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்தபோது அம்பாசடரும் பத்மினியும்தான் வரும். அம்பாசடருக்கு வருஷம் கேட்பவர்கள் குறைவு. எஞ்சின் செய்தாயிற்றா, டிங்கர் வேலை எத்தனை தடவை என்றுதான் கேட்பார்கள். ஒரு வருஷத்து வண்டிக்கும் அடுத்த வருஷத்து வண்டிக்கும் உள்ளே பெரிதாக எதுவும் மாறியிராது.

மாறியது 2012-இலிருந்து. அந்த ஜூலையில் ஒரகடத்திலிருந்து ரெனோ டஸ்டர் வந்தது. அடுத்த ஜூனில் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு எக்கோஸ்போர்ட். 2015 ஜூலையில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கிரெட்டா. நாடு முழுக்க கிராஸ்ஓவர் மோகத்தைக் கிளப்பிய மூன்று வண்டிகளும் சென்னையைச் சுற்றிப் பிறந்தவை. மூன்று ஆலைகளையும் ஒரே காலையில் பைக்கில் சுற்றி வந்துவிடலாம். ‘நம்ம ஊர்ப் பிள்ளைங்க’ என்று இன்றும் அவற்றைக் கொஞ்சம் உரிமையோடுதான் சொல்வார்.

பார்க்க ஜீப் மாதிரி உயரமாக இருந்தாலும் கிராஸ்ஓவர் என்பது கார்தான். எக்கோஸ்போர்ட் ஃபியஸ்டாவின் அடித்தளத்தில் எழுந்தது, டஸ்டர் லோகன் குடும்பத்துக்காரன். பொலிரோவில் அடியில் சேஸி தனி, மேலே பாடி தனி. பாடி நசுங்கினால் தட்டி எடுத்து மறுபடி உட்கார வைக்கலாம். கிராஸ்ஓவரில் பாடியே எலும்பு. பில்லரோ எஞ்சின் பக்கத்து ஆப்ரானோ ஒருமுறை வளைந்து நிமிர்ந்திருந்தால், மேலே எத்தனை மைக்ரான் பெயின்ட் இருந்தாலும் அடுத்த விபத்தில் அந்த இடம் முதலில் மடங்கும். ஆகவே கதவு ரப்பரை உருவி ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைப் பார்ப்பது இந்த வகை வண்டிகளில் கட்டாயம். ஆலையில் ரோபோ வைத்த புள்ளிகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், சின்னக் குழிகளாக இருக்கும். கை வைத்த இடம் தடவினாலே தெரியும்.

பெல்ட்டை இழுக்கும் வழக்கம் ஒரு தோல்வியிலிருந்து வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. நாலைந்து மாதம் கழித்துத் தெரிந்தவர் ஒருவருக்காக ஒரு வண்டி பார்த்தார். எஞ்சின் சுத்தம், ஓட்டம் சுத்தம், சீட்டெல்லாம் புதுத் துணி. ‘தாராளமா எடுங்க’ என்று சொல்லிவிட்டார். அடுத்த மழைக்காலத்தில் அந்த வண்டியின் விளக்குகள் தாமாக எரிந்தன, ஜன்னல்கள் நடுவழியில் நின்றன, ஒருநாள் நெடுஞ்சாலையில் எல்லா எச்சரிக்கை விளக்கும் சேர்ந்து எரிந்து வண்டி படுத்துவிட்டது. டாஷ்போர்டைக் கழற்றியபோது வயரிங் முடிச்சுகளில் பச்சை பூத்திருந்தது. கடைசியாக, யாரோ தற்செயலாகப் பின்சீட்டு பெல்ட்டை முழுக்க இழுத்தார்கள். சாதாரணமாக வெளியே வராத கடைசிப் பகுதியில், ஒரு சாண் நீளத்துக்கு, காய்ந்த சேற்றின் கோடு. சீட் துணி மாற்றியவனுக்கு பெல்ட் ஞாபகம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை. அந்தத் தெரிந்தவர் இப்போதும் பேசுவார், ஆனால் வண்டியைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

அன்றிலிருந்து பெல்ட்டுக்குத்தான் முதல் மரியாதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடி நகரத்தை நனைத்தபோது அந்தப் பழக்கத்துக்கு வேலை கூடிவிட்டது. ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, அளவுக்கு மீறிய ஏ.சி. வாசனைப் புட்டி என்று எல்லாம் சேர்த்துப் பார்ப்பார். பெல்ட்டை அப்படித் தினமும் இழுத்துப் பார்த்ததில்தான் அடியில் இருக்கும் தேதிச் சீட்டு கண்ணில் பட்டது.

எந்த வருஷத்து வண்டி நல்லது என்று கேட்டால் அவர் பதில் கொஞ்சம் சுற்றிவரும். புது மாடல் வந்த முதல் வருஷத்து வண்டியை அவர் விரும்பமாட்டார். முதலில் வாங்குகிறவர்கள்தான் கம்பெனிக்காக ஓட்டிப் பார்ப்பவர்கள் என்பது அவர் கட்சி. ஒரு தலைமுறை மாறுவதற்கு முந்தைய கடைசி ஒன்றரை, இரண்டு வருஷத்து வண்டிகள் மேல் கண். குறைகளைத் திருத்தித் திருத்திக் கம்பெனி தேர்ந்திருக்கும். புது மாடல் வந்துவிட்டதால் சந்தையில் பழசின் விலை இறங்கியும் இருக்கும். முதல் தலைமுறை கிரெட்டா வேண்டுமென்றால் 2018 மே மாத மாற்றத்துக்குப் பிறகு, 2020 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை வருவதற்கு முன் என்பார்.

மாருதி விட்டாரா பிரெஸ்ஸா இதற்கு இன்னும் துல்லியமான உதாரணம். 2016 மார்ச்சில் டீசல் மட்டுமாக வந்தது. அந்த 1.3 லிட்டர் ஃபியட் எஞ்சினை மாருதி, டாடா, ஃபியட் எல்லாரும் போட்டார்கள். ‘தேசிய எஞ்சின்’ என்றே பெயர். டைமிங் செயின் வைத்தது, சாமான் தெருவுக்குத் தெரு கிடைக்கும், ராமநாதபுரத்து மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். ஆனால் இரண்டு காற்றுப்பையும் ஏ.பி.எஸ்.ஸும் எல்லா ரகத்துக்கும் கட்டாயமானது 2018 மே மாதத்தில்தான். அந்த அக்டோபரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. 2020 தொடக்கத்தோடு டீசல் நின்றுபோய் பெட்ரோலுக்கு மாறிவிட்டது. ஆக 2018 நடுவிலிருந்து 2019 கடைசிவரை. இந்த ஜன்னலுக்குள் அகப்பட்ட டீசல் பிரெஸ்ஸா, சர்வீஸ் புத்தகத்தோடு வந்தால், அவர் பேரம் பேசக்கூட அதிக நேரம் எடுப்பதில்லை.

வருஷம் மட்டும் பார்த்தால் ஏமாறுவதற்கும் சாட்சி வைத்திருக்கிறார். 2017-இல் குளோபல் என்கேப் இந்திய டஸ்டரை மோதிப் பார்த்தது. காற்றுப்பை இல்லாத கீழ்ரகத்துக்குப் பூஜ்யம். ஓட்டுநர் பக்கம் மட்டும் காற்றுப்பை வைத்ததற்கு மூன்று நட்சத்திரம். ஒரே வருஷம், ஒரே பெயர். பின்னால் ஒட்டியிருக்கும் ரக எழுத்தைக் கழற்றி மேல்ரக எழுத்தை ஒட்ட ஐந்து நிமிடம் போதும் என்பதால், அவர் ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் ‘ஏர்பேக்’ எழுத்தையும் சாவி போட்டதும் எரிந்து அணையும் விளக்கையும்தான் நம்புவார். அந்த விளக்கு எரியவே இல்லை என்றாலும் சந்தேகம், அணையவே இல்லை என்றாலும் சந்தேகம்.

2019 ஜூலை 1 அவர் மனதில் ஒரு கோடு. அன்றிலிருந்து செய்கிற கார்களில் ஓட்டுநர் காற்றுப்பை, பின்பக்க பார்க்கிங் சென்சார், பெல்ட் நினைவூட்டும் மணி, வேக எச்சரிக்கை எல்லாம் சட்டப்படி கட்டாயம். குடும்ப வண்டி கேட்டு வருகிறவர்களிடம் இந்தத் தேதியைத்தான் முதலில் சொல்வார்.

அடுத்த கோடு 2020 ஏப்ரல் 1, பி.எஸ். 6 மாசு விதி. பெட்ரோல்காரர்களுக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. டீசலில் கதை வேறு. புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி வந்துவிட்டது. பிடித்த கரியை எரிக்க அந்த வடிகட்டி நன்றாகச் சூடேற வேண்டும். அதற்கு வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் நிற்காமல் ஓட வேண்டும். காலையில் வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு ஆபீஸ், மாலையில் திரும்ப வீடு என்று ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு எங்கே கிடைக்கும்? அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், மாற்றுவதென்றால் செலவு பெரிது. அதனால் பி.எஸ். 6 டீசல் விற்கிறவரிடம் அவர் கிலோமீட்டரைக் கேட்பதற்கு முன் வேலை எங்கே என்று கேட்பார். ‘பக்கத்துலதான், வண்டி ஓடவே இல்ல’ என்று பெருமையாகச் சொன்னால் முகம் சுளிப்பார். அதே காரணத்தால், கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் ஓடி 90,000 கிலோமீட்டர் காட்டும் டீசலை, நகரத்துக்குள்ளேயே 30,000 ஓடியதை விட அவருக்குப் பிடிக்கும். வாங்க வந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் ஒரு டீ ஆறிவிடும்.

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே வார்த்தைக்குள் நாலு வேறு கியர் பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. எக்கோஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்ளலாம். 2013-இல் வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இரட்டைக் கிளட்ச் பெட்டி. 2017 நவம்பரில் முகம் மாறியபோது பெட்டியும் டார்க் கன்வர்ட்டர் வகைக்கு மாறியது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு பம்பரும் கிரில்லும்தான் மாறியதாகத் தெரியும். ஆனால் அந்த இரட்டைக் கிளட்ச் பெட்டி பற்றி வாடிக்கையாளர்கள் கொடுத்த புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் அந்நாட்டு ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வழக்கில் ஃபோகஸ், ஃபியஸ்டாவோடு எக்கோஸ்போர்ட்டும் இருந்தது. அவரைப் பொறுத்தவரை எக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக் என்றால் 2017 நவம்பருக்குப் பிந்தையதுதான்.

எக்கோஸ்போர்ட்டிலேயே 1.0 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு இன்னொரு கவனம் வேண்டும். அதன் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடி ஓடுவது. சொன்ன தரத்தில் ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அந்த பெல்ட் உதிர ஆரம்பிக்கும். மறைமலைநகரில் செய்து அமெரிக்காவுக்குப் போன எக்கோஸ்போர்ட்டுகளில், 1.0 லிட்டர் வண்டிகளை ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டுக்காக 2023 டிசம்பரில் அங்கே திரும்ப அழைத்தார்கள். அங்கே அழைத்ததால் இங்கே எல்லாம் கெட்டது என்று அவர் சொல்வதில்லை. ஆயில் பில்களைக் காட்டு என்பார்; பில் இல்லையென்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்த பிறகு எக்கோஸ்போர்ட்டின் விலை இறங்கியது. சாமான் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு, புதுப்பேட்டை இருக்கிறவரை கிடைக்கும் என்பது அவர் பதில்.

மாதம் எதற்கு, வருஷம் போதாதா என்று டீச்சரின் மகன் ஒருநாள் போனில் கேட்டிருந்தான். அவனுக்கு இரண்டு உதாரணம் சொன்னார். முன்சீட் பெல்ட்டின் உயரம் மாற்றும் பாகத்துக்காக மாருதி திரும்ப அழைத்த 9,125 வண்டிகள், பிரெஸ்ஸாவும் அதில் உண்டு, 2022 நவம்பர் என்ற ஒரே மாதத்தில் செய்தவை. ஹூண்டாய் 2024 தொடக்கத்தில் கிரெட்டா, வெர்னா பெட்ரோல் சி.வி.டி. வகையில் 7,698 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவை 2023 பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை செய்தவை. இப்படி அழைத்த வண்டி கெட்ட வண்டி இல்லை. சேஸி எண்ணைச் சொல்லி, அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டால் போதும். கேட்பவர்கள் குறைவு.

நம்பர் பிளேட்டைப் படிப்பதும் ஒரு கலை. டி.என். 69 தூத்துக்குடி, டி.என். 74 நாகர்கோவில். உப்புக்காற்று, ஆகவே முதலில் அடிப்பாகத் துரு. டி.என். 43 ஊட்டி; கிளட்ச், பிரேக். இது ஜோசியம் மாதிரிதான், எந்தப் பக்கம் முதலில் குனிய வேண்டும் என்று சொல்லும், அவ்வளவே. டெல்லி வண்டி என்றால் கணக்கே தனி. பத்து வருஷம் தாண்டிய டீசல் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னதிலிருந்து, கெடு நெருங்கிய வண்டிகள் மலிவாகத் தெற்கே இறங்கத் தொடங்கின. என்.ஓ.சி., மறுபதிவு, இங்கே மறுபடி ஆயுள் வரி என்று கூட்டிப் பார்த்தால் மலிவு பாதி கரைந்திருக்கும். என்.ஓ.சி.க்கான ஃபாரம் 28 கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்பதோடு அந்தப் பேச்சை முடித்துவிடுவார்.

சேலையூரில் பெல்ட் சேறில்லாமல் சுத்தமாக வந்தது. அடியில் இருந்த தேதிச் சீட்டில் 2015 ஆகஸ்ட். ஆர்.சி.யில் செய்த மாதம் 2015 செப்டம்பர், பதிவு 2016 ஜனவரி. சரியாக இருந்தது. எழுந்து போய் இடப்பக்க முன்சீட்டு பெல்ட்டை இழுத்தார். அதன் தேதிச் சீட்டைக் கைப்பேசி வெளிச்சத்தில் இரண்டு தடவை படித்தார். 2018.

ஒன்றும் சொல்லவில்லை. முன்கண்ணாடியின் ஓரத்தில் குனிந்து பார்த்தார்; அதுவும் 2018. மற்றக் கண்ணாடிகள் எல்லாம் 2015. கண்ணாடி மட்டும் மாறியிருந்தால் லாரி டயரிலிருந்து தெறித்த கல் என்று விட்டுவிடலாம். பெல்ட்டும் கூட மாறியிருப்பதால் விட முடியாது. பலமான மோதலில் காற்றுப்பை வெடிக்கும்போது பெல்ட்டும் வெடிமருந்தால் இறுகி, அதோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். இடது கதவு ரப்பரை உருவினார். மேலிருந்து நாலு புள்ளி ஒழுங்காக வந்தது. அதற்குக் கீழே புள்ளி இல்லை, தேய்த்து மழுக்கிய ஒரு வரி. விரலால் தடவிவிட்டு மகனைக் கூப்பிட்டு அவன் விரலையும் வைக்கச் சொன்னார்.

“சார், நீங்க வாங்கினது எப்போ?”

“2019. செகண்ட் ஓனர்தான், மறைக்கல. ஆனா ஒரு கீறல்கூட விழாம வச்சிருக்கேன்.”

“நீங்க கீறல் போடல சார். உங்களுக்கு முன்னாடி அடிபட்டிருக்கு.”

வங்கிக்காரர் கதவருகே வந்து அந்த இடத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். “டாக்டர் ஓட்டின வண்டின்னு சொல்லித்தான் குடுத்தான்” என்றார், யாரிடமென்று இல்லாமல். வண்டி பார்க்க வந்தவர் சிரிக்கவில்லை. இந்தத் தொழிலில் அவர் பார்த்த டாக்டர் ஓட்டிய வண்டிகளைக் கணக்கெடுத்தால் தமிழ்நாட்டில் டாக்டர் தட்டுப்பாடே இருக்க முடியாது.

“தம்பி, அப்போ வேற பாப்போமா?” என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

“பாப்போம் டீச்சர். 2019 ஜூலைக்கு அப்புறம் செஞ்சதா ஒண்ணு தாம்பரத்துல இருக்கு. பெட்ரோல்தான்.”

பெல்ட்டைக் கைப்பிடித்தே மெதுவாக உள்ளே சுருள விட்டார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து வண்டி எண்ணையும் இரண்டு பெல்ட்டுகளின் தேதியையும் எழுதிக்கொண்டார். கேட் வரைக்கும் வந்துவிட்ட பிறகு வங்கிக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார். செருப்பு மாட்டாமலே நடந்து வந்திருந்தார்.

“இத வித்துட்டு நானும் ஒண்ணு வாங்கணும். பாத்துச் சொல்ல எவ்வளவு வாங்குறீங்க?”

அவர் தொகையைச் சொன்னார். வங்கிக்காரர் தலையாட்டினார்.

“கூப்பிடுங்க சார். நான் வர்ற வரைக்கும் விக்கிறவர் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம பாத்துக்கங்க.”